இலவச சட்ட உதவி: 5க்கு 3

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் என் அக்காவின் மகன் பள்ளிக்கூடம் போகாமல் பீடித் தட்டும் இலையுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று யாரோ குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லி, அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டார்கள். (சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை, அக்காவுக்கு இருக்கிறது.) சரி என்று இலவச சட்ட உதவி கேட்டுப் போனோம். பெண்களுக்கு வருமானச் சான்று வேண்டாம், பைசாவும் வாங்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் இப்படிக் கூட்டிப் போகும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தியாக வேண்டும், குழுவின் உத்தரவு ஒத்துவராவிட்டால் 30 நாளுக்குள் அப்பீல் போகலாம் என்று வக்கீலம்மா அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அதற்கு முழு மார்க். ஆனால் அடுத்த விசாரணைக்கு அவர் வரவேயில்லை, போனும் எடுக்கவில்லை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அக்கா வராண்டாவில் நின்றதுதான் மிச்சம். விசாரணைக்குப் போகிறவர்கள் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள், எங்களிடம் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.