திருச்சிப் பயணம்: இன்சூரன்ஸ் விஷயத்தில் பார்த்தவை

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனது அப்பாவின் குடலிறக்க ஆபரேஷனுக்காக. அங்கிருந்தபடியே பெற்றோருக்கு மெடிக்கல் பாலிசி கட்டிவரும் நம்மைப் போன்றவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தனியார் மருத்துவமனை ஒன்றின் இன்சூரன்ஸ் கவுண்டரில், "கேஷ்லெஸ்தானே சார், ஏசி சிங்கிள் ரூம் போட்டுடறேன்" என்றார்கள். கேஷ்லெஸ் என்றால், பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராக மருத்துவமனைக்குக் கட்டிவிடும். அப்பாவின் பாலிசி 5 லட்சம். அறை வாடகை அதில் 1 சதவீதம் வரைதான், அதாவது ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். அவர்கள் காட்டிய அறை 8,000. மிச்சம் 3,000 ரூபாயை நாம் கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில், அதாவது 8,000-க்கு 5,000 என்ற கணக்கில், வெட்டுப்படும். இவை 80,000 வந்தால் கம்பெனி 50,000தான் தரும். 30,000 நம் கையிலிருந்து போகும். மருந்து, உள்ளே வைத்துத் தைக்கும் மெஷ் என்ற வலை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி இருக்கிறது. இதையெல்லாம் அட்மிஷன் நேரத்திலேயே அவர்கள் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. 4,500 ரூபாய் அறை கேட்டோம், இருந்தது.

டிஸ்சார்ஜ் இன்னொரு கதை. 2024 விதிப்படி கேஷ்லெஸ் அனுமதிக்கு 1 மணி நேரம், கடைசி பில்லுக்கு 3 மணி நேரம்தான் கெடு. அதைத் தாண்டித் தாமதமானால், கூடுதலாக ஆகும் செலவு இன்சூரன்ஸ் கம்பெனியைச் சேர்ந்தது. ஆனால் மருத்துவமனை பில்லை அனுப்பிய பிறகுதான் அந்த 3 மணி நேரம் ஓடத் தொடங்கும். டாக்டர் காலையிலேயே கையெழுத்துப் போட்ட ஃபைல் மதியம் வரை வார்டு மேஜையிலேயே கிடந்தது. நான் போய்க் கேட்ட பிறகுதான் பில்லிங்குக்கு நகர்ந்தது. யாராவது ஒருவர் அந்த ஃபைல் பின்னாலேயே போகத்தான் வேண்டும்.

அப்புறம் பேங்க். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் போன வருஷம் மாரடைப்பில் தவறிவிட்டார், வயது ஐம்பதுகூட ஆகவில்லை. அண்ணியிடம் பேச்சுவாக்கில் அண்ணனின் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். வருஷம் 436 ரூபாய் ஒன்று, 20 ரூபாய் ஒன்று எனப் பிடித்திருந்தார்கள். 436 என்பது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுத் திட்டம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 என்பது சுரக்ஷா காப்பீட்டுத் திட்டம், விபத்துக்கு மட்டும். அண்ணிக்கு இரண்டுமே தெரியாது. கிளைக்குக் கூட்டிப்போனேன். இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், பாஸ்புக் நகல் வாங்கிக்கொண்டு, அங்கிருந்த பெண் ஊழியர் பொறுமையாகப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பாஸ்புக்குகளில் மே, ஜூன் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். யார் நாமினி என்பதையும் கேட்டு வையுங்கள்.

தம்பியிடம் இருப்பதெல்லாம் மணிபேக் பாலிசிதான், இடையிடையே கொஞ்சம் பணம் திருப்பித் தரும் வகை. பிரீமியம் கணிசமாகப் போகிறது, கவரேஜோ 3 லட்சம். இரண்டு பிள்ளைகளும் வீட்டுக் கடனும் இருக்கிற ஆளுக்கு அது எந்த மூலைக்கு? அதை நிறுத்தச் சொல்லவில்லை; கூடவே ஒரு டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி, எடுக்கச் சொன்னேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கு 18% ஜிஎஸ்டி கிடையாது என்பதும் ஒரு வசதி. அவனுக்குச் சர்க்கரை உண்டு. "விண்ணப்பத்தில் அதை எழுத வேண்டாமே" என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். முதல் மூன்று வருஷத்துக்குள் ஏதாவது ஆனால், மறைத்ததைக் காட்டியே கிளெய்மை மறுக்கலாம். எழுதவைத்துதான் அனுப்பினேன். பிரீமியம் கூடும் என்கிறார் ஏஜென்ட். கூடட்டும்.