கப்பல் டூரும் பொம்பெயி தோல் ஷாப்பும்

கப்பல் கம்பெனி அனுப்பிய எக்ஸ்கர்ஷன் பட்டியலை, அதாவது கப்பல் நிற்கும் ஊர்களில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் டூர்களின் பட்டியலைத் திறந்ததும் எனக்குக் கும்பகோணம் நவக்கிரக டூர் நோட்டீஸ்தான் ஞாபகம் வந்தது. ஒன்பது கோயில், காலை டிபன் உட்பட. இதில் கோயிலுக்குப் பதில் சர்ச், டிபனுக்குப் பதில் ஒயின். ஏழு ராத்திரிப் பயணத்துக்கு நாற்பது டூருக்கு மேல் போட்டிருந்தார்கள். ஜெர்மனியில் இருக்கும் மகள் கப்பல் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "டூர் மட்டும் நீங்களே பார்த்து எடுத்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். அதாவது, அந்தச் செலவு என்னுடையது.

நான் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை, எங்கள் பக்கம் தோல் ஷாப் என்போம்) 31 வருடம் ஃபினிஷிங் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். வீடு சத்துவாச்சாரி. வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். இந்த இரண்டு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். முட்டி நன்றாக இருந்து, தோலைப் பற்றிக் கவலையே இல்லாதவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம்.

பார்சிலோனாவில் வெள்ளிக்கிழமை ஏறினோம். மார்சேய், ஜெனோவா, லிவோர்னோ, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ், அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கடல், மறுபடி பார்சிலோனா. பட்டியலில் 'ரோம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கப்பல் ரோமுக்குப் போவதில்லை. சிவிட்டாவெக்கியாவில் நிற்கும், அங்கிருந்து ரோம் எழுபது எண்பது கிலோமீட்டர். அரக்கோணத்தில் இறக்கிவிட்டு மெட்ராஸ் வந்தாச்சு என்கிற கதை. 'புளோரன்ஸ்' என்று போட்டிருப்பார்கள், நிற்பது லிவோர்னோவில், போக வேண்டியது சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். ஜெனோவாவும் நேப்பிள்ஸும்தான் யோக்கியம். படி இறங்கினால் ஊர்.

கப்பல்காரர்களின் டூருக்குக் காசு அதிகம்தான். அதில் வாங்குவது ஒரே ஒரு பொருள்: அவர்கள் பஸ் தாமதமாக வந்தால் கப்பல் நிற்கும். சொந்தமாகப் போய்த் தாமதமானால் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ச் சேர வேண்டும். ஜெனோவாவில் சாயந்திரம் மேல் தளத்தில் டீயோடு நின்றபோது ஒரு ஜோடி, கையில் ஷாப்பிங் பையோடு பிளாட்பாரத்தில் ஓடி வந்தது. மேலே இருந்த கூட்டம் கை தட்டுகிறது. ஏற்றிக்கொண்டார்கள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு என் மனைவி, "நாம எங்க போனாலும் ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துடணும்" என்று சட்டம் போட்டுவிட்டாள்.

மார்சேயில் ஷட்டில் பஸ் பிடித்துப் பழைய துறைமுகம் வரை போய், மீன் மார்க்கெட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். மலை மேல் இருக்கும் நோத்ருதாம் சர்ச்சைக் கீழே இருந்தே கும்பிட்டாகிவிட்டது. ஜெனோவாவில் டூரே தேவையில்லை. ரயில் நிலையமும் பழைய ஊரும் நடக்கிற தூரம்.

லிவோர்னோவில்தான் ஏமாந்தேன்.

தூரம் அதிகம், கப்பல் டூரிலேயே போவோம் என்று ஆளுக்கு 159 யூரோ கட்டினேன். நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல். 'புளோரன்ஸும் பீசாவும், ஒன்பதரை மணி நேரம்.' அதில் பஸ்ஸுக்குள் மூன்றரை மணிக்கு மேல் போனது. டூர் பஸ்ஸைப் பழைய ஊருக்குள் விடுவதில்லை, வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். பீசாவிலும் அதே கதை, நிறுத்துமிடத்திலிருந்து கோபுரத்துக்குக் கால் மணி நேர நடை. நாற்பத்தைந்து பேர் கூட்டம், முன்னால் கொடி பிடித்த கைடு, கடைசியில் என் மனைவி, அவளுக்குப் பின்னால் நான். காதில் மாட்டிய கருவியில் கைடின் குரல் கேட்கும், ஆளைக் காணோம்.

இன்னொன்று, அன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமை உஃபிஸி மியூசியமும் மூடல், டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியாவும் மூடல். பட்டியலில் 'டேவிட்' என்று படம் போட்டிருந்தார்களே என்று கேட்டால், சதுக்கத்தில் நிற்கும் நகலைக் காட்டினார்கள். நகல்தான் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததாம். கிழமை பார்க்காமல் பணம் கட்டியது என் தப்பு. வத்திக்கான் மியூசியமும் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்காது. பணம் கட்டும் முன் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. 'கைவினை விளக்கம்' என்று சொல்லி நாற்பத்தைந்து நிமிடம் ஒரு தோல் கடைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். என்னை! ஒரு பையன் லைட்டரைப் பற்ற வைத்து ஜாக்கெட் மேல் ஒரு நொடி காட்டி எடுத்தான். "பாருங்கள், எரியவில்லை, அசல் தோல்." கூட்டம் ஆ என்றது. ஒரு நொடி காட்டினால் எதுதான் எரியும்?

எழுந்து போய் ஒரு கைப்பையின் மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி மடித்துப் பார்த்தேன். நல்ல தோலை மடித்தால் விரலைச் சுற்றிப் பொடிப் பொடியாகச் சுருக்கம் ஓடும், விட்டால் மறையும். இது ரெக்ஸின் மாதிரி ஒரே வளைவாக வளைந்தது. மயிர்க்கண்களைப் பார்த்தேன். மாட்டின் உடம்பில் கழுத்துப் பக்கம் ஒரு மாதிரி, வயிற்றுப் பக்கம் வேறு மாதிரி இருக்க வேண்டும். இதில் மூலைக்கு மூலை அச்சு அசலாக ஒரே வரிசை. மேல்பரப்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுத்துவிட்டு, பிக்மெண்ட் அடித்து, மேலே பிளேட் வைத்து அச்சு போட்ட சரக்கு. முகர்ந்தால் லேக்கர் வாடை. தழும்பும் உண்ணிக்கடியும் நிறைந்த தோலை இப்படித்தான் கரையேற்றுவோம், அதில் குற்றம் இல்லை. ஆனால் அதற்கு 340 யூரோவா? நான் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்த அந்தப் பையன் எந்த ஊர் என்று கேட்டான். ராணிப்பேட்டை என்றேன். புரியவில்லை. இந்தியா, டேனரி என்றேன். அப்புறம் அவன் என் பக்கமே வரவில்லை.

மிச்சம் கிடைத்த ஒரு மணி நேரத்தில் மனைவியை ஐஸ்க்ரீம் கடையில் உட்கார வைத்துவிட்டு நான் சாந்தா குரோச்சே சர்ச்சுக்குப் பின்னால் ஓடினேன். அங்கே ஒரு தோல் பள்ளிக்கூடம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் அனாதையான பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்க, சர்ச் சாமியார்களும் இரண்டு தோல் வியாபாரக் குடும்பங்களும் சேர்ந்து 1950இல் ஆரம்பித்தது. கதவைத் தாண்டியதும் அந்த வாசனை. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலின் வாசனை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பெரியவர்கள் இருந்தார்கள். அவர்கள் சட்டையில் வருமே, அது. ஒரு பெண் சூடான கம்பியால் தங்கத் தாளை ஒரு சின்னப் பெட்டி மேல் ஒற்றிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் நின்று பார்த்தேன். எந்த டூர் பட்டியலிலும் இதை நான் பார்க்கவில்லை, இதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. 318 யூரோ கட்டிய அன்றைக்கு எனக்குக் கிடைத்தது இந்தப் பத்து நிமிடம்தான்.

பீசாவில் ஐம்பது நிமிடம். கோபுரம் சாய்ந்துதான் இருக்கிறது. 1990இல் மூடி, நிமிர்த்தும் வேலை பார்த்து 2001இல் மறுபடி திறந்தார்கள். ஏறுவதற்கு நேரம் கொடுக்கவில்லை, கொடுத்தாலும் முட்டி விடாது. பீசாவை மட்டும் பார்க்க நினைப்பவர்கள் லிவோர்னோவிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்தில் போய்விடலாம். அதற்குப் போய்க் கப்பல் டூருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மறுநாள் ரோம். சூடு கண்ட பூனை, அதனால் ரயில். துறைமுகத்திலிருந்து ஷட்டில் பஸ், அப்புறம் ஸ்டேஷன், சாதாரண ரயில். கூட்டம் எல்லாம் ரோமின் பெரிய ஸ்டேஷனான தெர்மினி வரை போகிறது. நாங்கள் முன்னாலேயே சான் பியெத்ரோவில் இறங்கிக்கொண்டோம். அங்கிருந்து வத்திக்கான் சர்ச்சுக்குக் கால் மணி நடை. உள்ளே போக டிக்கெட் இல்லை, சோதனை வரிசைதான் நீளம். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும் என்று எங்களுக்கு முன்னால் நின்ற அரைக்கால் சட்டைக்காரரைத் திருப்பி அனுப்பினார்கள். புடவையை ஒரு கேள்வி கேட்கவில்லை. வழியெல்லாம் தெருக்குழாயில் நல்ல தண்ணீர் ஓடுகிறது, பாட்டில் வாங்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கே திரும்பிவிட்டோம். கொலோசியம் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றால் கப்பலில் வரக் கூடாது, ரோமிலேயே மூன்று நாள் தங்க வேண்டும்.

இனி நேப்பிள்ஸ். எரிமலை மூடிய பழைய ரோமானிய ஊரான பொம்பெயிக்குக் கப்பல் டூர் ஆளுக்கு 89 யூரோ, அரை நாள். நான் எடுக்கவில்லை. காரணம், நான் பார்க்க வேண்டிய இடம் அதில் இல்லை. பல வருடம் முன்பு எங்கள் ஷாப்புக்கு மெஷின் மாட்ட வந்த ஓர் இத்தாலிய டெக்னீஷியன், டீ குடிக்கும்போது சொன்னார்: பொம்பெயியில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு டேனரி அப்படியே இருக்கிறது, கி.பி. 79இல் எரிமலை மூடியது. அன்றிலிருந்து மனதில் கிடந்த ஆசை.

துறைமுகத்திலிருந்து டாக்சியில் கரிபால்டி ஸ்டேஷன், அங்கிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயில். நம் ஜோலார்பேட்டை பாசஞ்சரை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரெல்லாம் கிறுக்கல், நிற்க இடமில்லை, பர்ஸை முன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது நிமிடம். இறங்கியதும் வாசல். ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று இப்போது வரம்பு வைத்திருக்கிறார்கள், அதனால் டிக்கெட்டை முன்னாலேயே ஆன்லைனில் எடுத்திருந்தேன்.

உள்ளே நிழல் கிடையாது. வேலூர் வெயிலில் வளர்ந்த எங்களுக்கே மே மாதத்தில் கண்ணைக் கட்டியது. தெரு முழுக்கப் பெரிய பெரிய கருங்கல் பாளம், வண்டிச் சக்கரம் போன தடம் கல்லில் பள்ளமாக விழுந்திருக்கிறது. குறுக்கே கடப்பதற்கு உயரமான தாண்டுகற்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லும் முட்டிக்கு ஒரு பரீட்சை. கொடி பிடித்த கூட்டங்கள் எங்களைத் தாண்டி ஓடின. நாங்கள் நினைத்த இடத்தில் உட்கார்ந்தோம், கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். கப்பல் சமையல்காரரிடம் வெறும் சாதமும் தயிரும் கேட்டு வாங்கி நாங்களே கலந்துகொண்டது. கப்பல் டூரில் போயிருந்தால் இப்படி உட்கார விட்டிருக்க மாட்டார்கள்.

தியேட்டர்களைத் தாண்டி, தெற்கே ஸ்தாபியா வாசலுக்குப் பக்கத்தில் அந்த டேனரி. எங்களைத் தவிர ஆள் இல்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணினேன். தரையில் வட்ட வட்டமாகப் பதினைந்து தொட்டிகள். எங்கள் ஊர்ப் பழைய ஷாப்புகளில் பட்டைக் குழி என்போமே, அதே அமைப்பு. பாதி குழியில் தோல் ஊற, மீதி குழியில் சாறு இறங்க, வரிசையாகத் தள்ளிக்கொண்டே போயிருப்பார்கள் என்று மனைவிக்கு விளக்க ஆரம்பித்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னாங்க, நாத்தமே இல்லாத தோல் ஷாப்பா?"

வேலூரைச் சொல்வார்களே, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை என்று. அந்த வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். முப்பத்தொரு வருடம் என் சட்டையைத் தனியாகத் துவைத்தவள் கேட்ட கேள்வி, நான் பதில் பேசவில்லை.

அந்த ஷாப்பின் சாப்பாட்டு மேசையில் பதித்திருந்த ஒரு மொசைக் படம் நேப்பிள்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. மண்டை ஓடு, மேலே கொத்தனார் மட்டம் பார்க்கும் தூக்குக்குண்டு, ஒரு பக்கம் பணக்காரன் உடை, மறுபக்கம் ஏழையின் கந்தல். கரிபால்டியிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டாப்புதான். நேரம் இருந்தது, முட்டிக்குத் தெம்பு இல்லை. கப்பலுக்குத் திரும்பிவிட்டோம்.

அன்று செலவு டாக்சி, ரயில், டிக்கெட் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் தொண்ணூறு யூரோவைத் தொடவில்லை. கப்பல் டூர் என்றால் 178.

கடைசி நாள் எக்ஸ்கர்ஷன் கவுண்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். லிவோர்னோ டூருக்குப் பத்துக்கு மூன்று போட்டேன், கைடு பாவம், அவருக்கு மட்டும் எட்டு. 'மிகவும் பிடித்த இடம்' என்ற கட்டத்தில் 'பொம்பெயி டேனரி' என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் வாங்கிப் படித்துவிட்டு, சிரித்த முகத்தோடு கேட்டாள்: "அது புது ரெஸ்டாரண்டா சார்?"