காட்பாடியில பீங்கான் பொம்மை கிளாஸ், போய்ட்டு வந்து எழுதறேன்

நம்ம பக்கம் மண்பாண்டம்னா கரிகிரி, பீங்கான்னா ராணிப்பேட்டை சானிட்டரி ஐட்டம், அவ்ளோதான் தெரியும். காட்பாடில ஒரு வீட்டு மாடியில பீங்கான் பொம்மை செய்யக் கத்துக்குடுக்கறாங்கன்னு தங்கச்சி சொல்லி சேர்ந்தேன், ரொம்ப புடிச்சிருக்கு.

கூழ் மாதிரி கரைச்ச மண்ண பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல ஊத்தறாங்க, அச்சு தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச ஓரத்துல மண்ணு படியும், மீதிய வெளிய கொட்டிட்டா உள்ள காலியா தலை ரெடி. ஈரம் இருக்கறப்பவே கண்ணுக்கு ஓட்டை வெட்டி, உள்பக்கமா உருண்டையா சீவணும், அப்பத்தான் கண்ணாடி விழி ஒட்டி உக்காரும். சூளையில 1200 டிகிரி தாண்டி வெந்து வர்றப்ப தலை கிட்டத்தட்ட 15 சதவீதம் சுருங்கிடுது, அதையும் கணக்கு போட்டுத்தான் விழி சைஸ் எடுக்கணும். அப்புறம் கன்னம், உதடு, புருவம்னு லேசா லேசா பூசி, பூச்சுக்கு பூச்சு திரும்பவும் சூளை.

ஒருத்தரே முழு பொம்மையும் செய்யறது கம்மி. ஒருத்தர் ஊத்தறார், ஒரு அக்கா இமை மட்டும் வரையறாங்க, ஒவ்வொரு முடியும் ஒரே இழுப்பு, கை நடுங்கவே இல்ல. வயசான டெய்லர் ஒருத்தர் பாவாட சட்ட தைக்கறார். முடிஞ்ச பொம்மையோட கழுத்துக்குப் பின்னாடி அத்தன பேரோட இனிஷியலும் இருக்கும், அத பாத்ததும் மனசு நெறஞ்சிடுச்சு.

ரெடிமேட் அச்சுல வர்றதெல்லாம் வெளிநாட்டு மூஞ்சிதான், மண்ண மாநிறமா கலந்தாலும் மூக்கும் தாடையும் காட்டிக் குடுத்துடும். ஆனா அங்க வர்ற ஒரு அம்மா நேதாஜி மார்க்கெட் பூக்காரம்மா ஒருத்தங்க முகத்த களிமண்ல அவங்களே செதுக்கி அச்சு எடுத்திருக்காங்க பாருங்க, வெத்தல அதக்கின கன்னம், வாயோரம் சுருக்கம், காது மடல் சிக்காம வெளிய வரணும்னு அச்சையே பல துண்டா பிரிச்சிருக்காங்க. எனக்கு இதுதான் சிற்பம், கோயில் தூண்ல பாக்கறதுக்கு சமமா சொல்லுவேன்.

குறைனு பாத்தா, சூளை நெறையற அளவுக்கு பொருள் சேர்ற வரைக்கும் காத்திருக்கணும், துணி உடம்புல பஞ்சு இன்னும் கெட்டியா அடைக்கலாம். காஞ்ச மண்ண தேய்க்கறப்ப வர்ற சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது, அதனால ஈரத்துணி வெச்சுத்தான் தேய்க்க விடறாங்க, மாஸ்க்கும் கட்டாயம், அந்த விஷயத்துல ரொம்ப கறார். சின்ன பசங்கள கூட்டிட்டு போறவங்க பெயின்டிங் நடக்கற அன்னிக்கு மட்டும் போங்க.