டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பதா, மீட்டர் வைப்பதா?

என் கார் 98 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. ஒருநாள் காலை சாவியைத் திருப்பினால் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) முனகியது, சுற்றவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்து பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் எஞ்சின் ஓட ஓடவே பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினார். எஞ்சின் நிற்கவில்லை. "டைனமோ ஜம்முனு இருக்கு சார், பேட்டரிதான் போச்சு" என்றார். புது பேட்டரி போட்டோம். ஏழு மாதம் கழித்து அதே முனகல்.

எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை நம்மூரில் இன்னும் டைனமோ என்றே சொல்கிறோம். அந்தக் காலத்து அம்பாசடரிலும் ஃபியட்டிலும் இருந்தது நிஜமாகவே டைனமோதான். பேட்டரி கரண்ட் டைனமோவுக்குத் திரும்பாமல் தடுக்கும் கட்அவுட் பெட்டி தனியாக இருக்கும், எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, டெர்மினலைக் கழற்றினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பேர் மட்டுமில்லை, இந்த வித்தையும் அங்கிருந்து வந்ததுதான். ஆல்டர்னேட்டரில் கதை வேறு. இருபது ஆம்பியர் பேட்டரிக்குள் போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பாதையைச் சட்டென்று வெட்டினால், போக இடமில்லாமல் வோல்டேஜ் ஒரு கணம் நாற்பதைத் தாண்டியும் எகிறும். அந்த ஒரு கணத்தில் ஏசியை டிசியாக்கும் டையோடோ, உள்ளே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ, எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன்) வண்டியாக இருந்தால் அதன் மூளையான இசியுவோ காலியாகலாம்.

சரி, இந்த அபாயத்துக்குப் பதிலாகக் கிடைக்கும் தகவல் என்ன? எஞ்சின் ஓட இக்னிஷனுக்கு நாலைந்து ஆம்பியர் போதும். ஒரு டையோடு செத்து, பாதி சக்தியில் திணறும் ஆல்டர்னேட்டர்கூட அதைத் தந்துவிடும். ஆக, "நிற்கவில்லை" என்பதற்கு "ஏதோ கொஞ்சம் கரண்ட் வருகிறது" என்று மட்டும்தான் அர்த்தம். இதைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் டிஜிட்டல் மல்டிமீட்டரே இதைவிட நூறு மடங்கு சொல்லும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன் பேட்டரி முனைகளில் வைத்தால் 12.6 வர வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது. பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வரும், தண்ணீர் வாரத்துக்கு வாரம் குறையும்.

ஆனால் ஐடிலில், லைட் எல்லாம் அணைத்துவிட்டு, 14.2 வருகிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது மாணவனிடம் கேள்வியே கேட்காமல் மார்க் போடுவது மாதிரி. ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டு, புளோயர், வைப்பர் எல்லாம் ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்போது 13.2-க்குக் கீழே இறங்கினால் எங்கோ சிக்கல். முதலில் ஃபேன் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கினாலோ, உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ பெல்ட் வழுக்குகிறது. மழை நாளில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்'சென்று கத்துவது அதுதான்.

மீட்டருக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. பத்து இழை உள்ள ஒயரில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும், அது தெம்பாக 12.6 காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு சொற்பம். இங்கேதான் டெஸ்ட் லேம்ப் ஜெயிக்கிறது. பிரேக் லைட்டின் 21 வாட் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு ஒயர். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். நைந்த ஒயரில் மங்கித் தலைகுனிந்துவிடும். எண் கேட்டால் அதற்குத் தெரியாது, ஆனால் பொய் சொல்லத் தெரியாது. வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பலர் பாக்கெட்டில் மீட்டர் இல்லாமல் பல்போடு வருவது அறியாமையால் அல்ல.

என் வண்டியைக் காட்டிக்கொடுத்தது மீட்டரை வேறு விதமாக வைத்ததுதான். இரண்டாவது பேட்டரியும் படுத்தபோது நானே உட்கார்ந்தேன். ஹெட்லைட் எரிய, ஆல்டர்னேட்டரின் பின்பக்க போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளந்தால் 14.2. பேட்டரி முனைகளில் 13.3. நடுவில் 0.9 வோல்ட்டைக் காணோம். சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் போல்ட்டிலும் கறுப்பை பேட்டரி பாசிட்டிவ்விலும் வைத்தேன்: 0.2. பரவாயில்லை, 0.3 வரை மன்னிக்கலாம். அடுத்து எஞ்சின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ்வுக்கு: 0.7. இது 0.2-க்குள் இருக்க வேண்டியது. பேட்டரி நெகட்டிவ்விலிருந்து வந்து எஞ்சினில் முறுக்கியிருந்த எர்த் கேபிளின் லக்கை, அதாவது நுனி வளையத்தை, கழற்றினால், அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ரப்பரை விரலால் அமுக்கினால் உள்ளே செம்பு பொடிப்பொடியாக நொறுங்கியது. சார்ஜ் ஏறாததற்கும் செல்ஃப் முனகியதற்கும் காரணம் அந்த ஒரே கேபிள். அதற்கு முந்தின மாதம், செல்ஃப் அடித்ததும் கிளட்ச் கேபிள் சுட்டது நினைவுக்கு வந்தது. எர்த் கிடைக்காத கரண்ட் அந்த வழியாகப் போயிருக்கிறது.

காசே வேண்டாத சோதனைகள் இரண்டு. சாவி ஆன், எஞ்சின் ஆஃப்: டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் பல்பைச் சந்தேகியுங்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும் முதல் கரண்ட் அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. சின்ன பல்பு ஃபியூஸானதற்கு முழு ஆல்டர்னேட்டரை மாற்றியவர்கள் உண்டு. இரண்டாவது, அதே நிலையில் ஒரு ஸ்க்ரூடிரைவரை ஆல்டர்னேட்டரின் பின் பேரிங் அருகே கொண்டுபோங்கள். காந்தம் மாதிரி லேசாக இழுத்தால், உள்ளே சுழலும் ரோட்டர் காயிலும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷும் உயிரோடு இருக்கின்றன.

கிளாம்ப் மீட்டர் ஒயரைக் கழற்றாமலே ஆம்பியர் சொல்லும், அருமையான சாமான். ஆனால் வீட்டு ஒயரிங் செய்பவரிடம் இரவல் வாங்கும் கிளாம்ப் பெரும்பாலும் ஏசி மட்டும் அளப்பது. காரில் வைத்தால் பூஜ்யம் காட்டும், நீங்கள் ஆல்டர்னேட்டரைத் திட்டுவீர்கள். டிசி கிளாம்ப்புக்கு விலை அதிகம், ஒரு வண்டிக்காக வாங்கத் தேவையில்லை. மலிவு மல்டிமீட்டரிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. டையோடு பழுதைக் கண்டுபிடிக்க ஏசி வோல்ட்டில் வைத்துப் பார், அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் டையோடு அவுட் என்பார்கள். நல்ல மீட்டரில் அது உண்மை. இந்த மஞ்சள் மீட்டரை ஏசியில் வைத்து பேட்டரியில் தொட்டால் எஞ்சின் ஓடாமலே இருபத்தைந்துக்கு மேல் காட்டும், முனைகளை மாற்றிவைத்தால் பூஜ்யம். டிசியை வடிகட்டும் கபாசிட்டர் அதில் இல்லை. டையோடுக்கு, வண்டி ஓடும்போது பேட்டரி விளக்கு மங்கலாக மினுக்குகிறதா, ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ங்ங்' சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதே மேல்.

பேட்டரிக் கடையின் லோட் டெஸ்டரை (பேட்டரியிலிருந்து நிறைய கரண்ட் இழுத்துப் பார்க்கும் கருவி) நம்பலாம், ஒரு நிபந்தனையோடு: முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகு வைக்க வேண்டும். காலி பேட்டரியில் வைத்துவிட்டு "செல் போச்சு" என்பது வியாபாரம். மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரில் கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி) பார்க்கச் சொல்லுங்கள். ஆறு செல்லில் ஐந்து 1240 காட்டி ஒன்று மட்டும் 1150-ல் நின்றால் அப்போது பேட்டரியை மாற்றுவதில் நியாயம் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி இறங்கினால் லீக்கேஜ், அதாவது வண்டி நிற்கும்போதும் எங்கோ கரண்ட் கசிகிறது. சாவி ஆஃப், நெகட்டிவ் கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரைப் பத்து ஆம்பியர் சாக்கெட்டில் சேருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் என்றால் கவலையில்லை. அரை ஆம்பியர் போனால் 35 ஏ.எச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி மூன்று நாள் தாங்காது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதில் எண் விழுகிறது என்று பாருங்கள். இந்த நேரத்தில் மறந்துபோய் செல்ஃப் அடித்தால் மீட்டர் புகைந்துவிடும்.

ஆல்டர்னேட்டர்தான் குற்றவாளி என்று உறுதியான பிறகு வருவது விலைப் பேச்சு. பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் மட்டும் போயிருந்தால் கழற்றி ரிப்பேர் செய்வதுதான் லாபம். ஸ்டேட்டர் (சுழலாத வெளிக் காயில்) கருகி நாற்றம் அடித்தால் ரீவைண்டிங் (புதுக் கம்பி சுற்றுவது) வேண்டாம், ஒரு வெயில் காலத்தைத் தாண்டுவது சந்தேகம். சென்னையில் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழையது வாங்குவதாக இருந்தால் புல்லியைக் கையால் சுழற்றி, மணல் அரைவது மாதிரி சத்தம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். எனக்கு அந்தச் செலவே வரவில்லை, எர்த் கேபிளோடு முடிந்தது. கழற்றிய முதல் பேட்டரியின் கிராவிட்டியை யாரும் பார்க்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.