இரண்டெழுத்துச் சொல்லும் ஆங்கில விக்சனரியும்

அகராதியின் தரத்தை அளக்கக் கடினமான சொல் தேவையில்லை, சின்னச் சொல்தான் அதைத் திணறடிக்கும். யாரும் திருத்தக்கூடிய இணைய அகராதியான ஆங்கில விக்சனரியின் தேடல் பெட்டியில் டி, ஏ என்ற இரண்டு ரோமன் எழுத்துகளை மட்டும் இட்டுப் பாருங்கள். ஸ்வீடிஷில் அது ‘எடு’. பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் ‘நன்றி’. பிரெஞ்சில் பெண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘உன்’. பக்கத்தின் உச்சியில், மொழிப் பொதுக் குறியீடுகளுக்கான பகுதியில், தமிழ் மொழிக்கான ஐஎஸ்ஓ (பன்னாட்டுத் தர அமைப்பு) குறியீடும் அதே இரண்டெழுத்துதான். நம் ‘தா’வையும் சேர்த்தால் எடு, கொடு, நன்றி மூன்றும் ஏறக்குறைய ஒரே ஒலிக்குள் அடங்கிவிடும்!

விக்சனரியின் பலம், இவற்றை ஒன்றாகக் குழப்பாமல் மொழிவாரியாகப் பிரித்து வேர் காட்டுவது. ஸ்வீடிஷ் சொல் ‘தாகா’ என்பதன் சுருக்கம். ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நோர்ஸிலிருந்து வந்தது, ஆங்கில ‘டேக்’கும் அங்கிருந்து போனதே. ஆங்கில ‘நன்றி’யோ ‘தேங்க்ஸ்’ குழந்தை வாயில் சிதைந்த வடிவம். பிரெஞ்சுச் சொல் லத்தீன் ‘துவா’வின் வழி.

வழுக்கும் இடம் எஸ்தோனியம். அங்கே இது ‘தெமா’வின் குறுக்கம்: அவன், அவள் இரண்டுக்கும் பொது. சீனாவின் பொதுமொழியான மாண்டரினிலும் அதே ஒலி, அதே பொதுமை. அவன், அவள், அது மூன்றுக்கும் எழுத்து மட்டுமே வேறு. உறவு இருக்குமோ என்று தோன்றும். இல்லை. ஒன்று யூராலியக் குடும்பம், மற்றது சீன-திபெத்தியம், வெறும் தற்செயல். வியட்நாமியத்தில் இதே சொல் சேரும் ‘சுங் தா’ கேட்பவரையும் உட்படுத்தும் ‘நாம்’; ‘நாங்கள்’ என்பதற்கு ‘சுங் தோய்’. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுவதால் அடைப்புக்குள் வரும் குறிப்பைத் தாண்டிவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. முதலெழுத்து பெரிதானால் டான்டலம் தனிமத்தின் குறியீட்டுப் பக்கம் திறக்கும். ‘ஏ’யின் மேல் சாய்கோடு விழுந்தால் ஐரிஷ் ‘இருக்கிறது’, கிடைக்கோடு விழுந்தால் மாண்டரின். தேடியது இல்லையென்றால் முதலில் பக்கத் தலைப்புக்குக் கீழே உள்ள ‘இவற்றையும் பார்க்க’ வரியைப் பாருங்கள். நீண்ட பக்கத்தில் உருட்டிக் கொண்டிருக்க வேண்டாம்: முகவரியின் கடைசியில் # இட்டு மொழியின் ஆங்கிலப் பெயரைச் சேர்த்தால் நேரே அந்தப் பகுதிக்குப் போய்விடலாம். உடுக்குறியோடு (*) நிற்கும் வடிவங்கள் அறிஞர்கள் மீட்டுருவாக்கியவை, எந்த ஏட்டிலும் கிடைத்தவை அல்ல. சான்று காட்டாத சொற்பிறப்புகளும் நிறைய. அவற்றை அப்படியே எடுத்தாள வேண்டாம்.

தமிழுக்கு இது மட்டும் போதாது. ‘தா’ தமிழ் எழுத்தில் தனிப்பக்கமாக இருப்பதால் தமிழிலேயே தட்டச்சிட வேண்டும். ஈ, தா, கொடு மூன்றில் ‘தா’ ஒப்போன் கூற்று, அதாவது சமமானவரிடம் கேட்கும் சொல் என்பதும், ‘தாவே வலியும் வருத்தமும் ஆகும்’ என்று இன்னொரு ‘தா’ இருப்பதும் தொல்காப்பியம் சொல்லும் செய்தி. இப்படிப்பட்ட ஆழத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும், பிற திராவிட மொழி இணைச்சொற்களுக்குப் பரோ-எமனோ அகராதியும் வேண்டும். இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். விக்சனரிக்கும் கட்டணமோ விளம்பரமோ கிடையாது. கிவிக்ஸ் செயலியில் இறக்கி வைத்தால் இணையமில்லாமலும் திறக்கும்.