அமில-காரப் பெட்டி: வில்லைகள் அருமை, கையேட்டைத் திருத்த வேண்டும்

மெட்ரிக் (தென்னாப்பிரிக்காவின் கிரேட் 12) பிள்ளைகளுக்கென்று டர்பன் கடையொன்றில் விற்கும் நடுநிலையாக்கல் பெட்டி இது. இதில் காசுக்குத் தகுந்த பொருள் அயனி வில்லைகள்தான்; மின்சுமை உள்ள அணுவையோ அணுக்கூட்டத்தையோ (அயனி) ஒவ்வொன்றும் குறிக்கும்.

ஒவ்வொரு வில்லையின் ஓரத்திலும் மின்சுமைக்கு ஏற்ப மேடோ பள்ளமோ இருக்கிறது. அலுமினியத்துக்கு மூன்று மேடு, சல்பேட்டுக்கு இரண்டு பள்ளம். அலுமினியம் ஹைட்ராக்சைடும் கந்தக அமிலமும் சேரும்போது, இடைவெளியில்லாமல் பொருந்த இரண்டு அலுமினியமும் மூன்று சல்பேட்டும் வேண்டும். மிஞ்சுகிற ஆறு ஹைட்ரஜனும் ஆறு ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் ஆறு நீர் மூலக்கூறு. விளைபொருளின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு வாய்பாட்டில் கோட்டை விடும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

கையேடு அந்தத் தரத்தில் இல்லை. 'அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே விதி போட்டிருக்கிறார்கள். கார்பனேட் என்றால் கரியமில வாயுவும் வரும். அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்தால் அம்மோனியம் குளோரைடு மட்டுமே, நீர் உண்டாகாது.

பெரிய பிழை தரம்பார்த்தல் பக்கத்தில், அதாவது செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் பக்கத்தில். கிரேட் 12 செய்முறைக்கு 250 மி.லி.யில் 2.25 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைக்கச் சொல்கிறது. அது நீரற்ற அமிலத்தின் கணக்கு; மோலுக்கு (வேதிப்பொருளின் அளவுக்கான அலகு) 90 கிராம். புட்டியில் இருப்பதோ இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம், மோலுக்கு 126 கிராம். லிட்டருக்கு 0.1 மோல் வேண்டுமானால் அதே 250 மி.லி.க்கு 3.15 கிராம் எடுங்கள். கையேட்டின்படி போனால், லிட்டருக்கு 0.1 மோல் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு (இதில் பயன்படும் காரம்) 0.14 என்று வரும். பிள்ளை தன் கைப்பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி செய்துகொண்டிருக்கும்.

அமிலம் 25 மி.லி. எடுக்கச் சொல்வதும் சரியில்லை. ஒரு மோல் ஆக்ஸாலிக் அமிலத்துக்கு இரண்டு மோல் காரம் தேவை. செறிவு இரண்டும் ஒன்றானால் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் 50 மி.லி. பியூரெட் குழாய் முழுவதும் காலியாகிவிடும். 10 மி.லி. போதும், 20 மி.லி. அளவில் முடியும். முடிவை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டியாக ஃபினால்ப்தலீனையே பயன்படுத்துங்கள். உண்டாகும் சோடியம் ஆக்ஸலேட் சற்றுக் காரத்தன்மை உள்ளது, முடிவில் பிஹெச் 8-க்கு மேல் இருக்கும். கூடவே வைத்திருக்கும் இன்னொரு நிறங்காட்டியான புரோமோதைமால் நீலம் அதற்கு முன்பே நிறம் மாறிவிடும்.

சோடியம் ஹைட்ராக்சைடு உருண்டைகள் இருக்கும் புட்டிக்கு மெல்லிய மூடிதான். டர்பனின் கடற்காற்றில் அவை ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும், நிறுத்த எடையை நம்ப முடியாது. எடுத்தவுடன் இறுக மூடுங்கள்.

கரைசலை அளந்து உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டுக்கு ரப்பர் குமிழ் வைக்கவில்லை, இதுதான் மன்னிக்க முடியாத குறை. ஆக்ஸாலிக் அமிலம் விஷம். வாயால் உறிஞ்ச விடாதீர்கள். குமிழைத் தனியாக வாங்கிய பிறகே பெட்டியைப் பிள்ளை கையில் கொடுங்கள்.