வகுப்பறைப் பார்வை: பல வருட அனுபவத்தில் எனக்கு உதவியதும் உதவாததும்

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பது, யாரோ வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவதால் நம் கற்பித்தல் மாறுமா என்று. மாறும். ஆனால் வந்தவர் எதைப் பார்த்தார், பார்த்தபின் நம்மோடு உட்கார்ந்து பேசினாரா, இந்த இரண்டையும் பொறுத்ததுதான் எல்லாமே. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்ற பதவி வட்டாரக் கல்வி அலுவலர் என்று மாறுவதற்கு முன்பிருந்தே அரசுத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன், எல்லா வகைப் பார்வையும் பார்த்தாகிவிட்டது.

பழைய ஆண்டாய்வில் பாடக்குறிப்பு, பணிப்பதிவேடு, வருகைப் பதிவேடு எல்லாம் மேசைமேல் இருக்க வேண்டும். நாலு பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள், வாய்ப்பாடு கேட்பார்கள். பள்ளி ஒழுங்காக நடக்க அது தேவைதான், ஆனால் பிள்ளை வாசிக்கத் திணறினால் ஏன் திணறுகிறது, பாடம் நடத்திய விதத்தில் எதை மாற்றலாம் என்பதற்கு அதில் இடமே கிடையாது.

உண்மையான மாற்றத்தை, பிள்ளைகள் அவரவர் வேகத்தில் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது பார்த்தேன். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. பாட அட்டைகள், அவற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்திய கற்றல் ஏணி, பிள்ளைகள் குழுக் குழுவாகப் பாயில், ஆசிரியரும் தரையில். அதனால் பார்க்க வந்த ஆசிரியர் பயிற்றுநரும் (ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டலும் தருபவர்) ஏதாவது ஒரு குழுவோடு உட்கார வேண்டியதாயிற்று, எங்கள் பேச்சைவிட பிள்ளைகளின் கைகள் என்ன செய்கின்றன என்பதைக் கவனித்தார்கள். அப்புறம் 2022-இல் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் கற்பிக்க ஆரம்பித்தபோது அந்தப் பழக்கம் நன்றாகவே கைகொடுத்தது.

பார்க்க வருகிறவர்கள் செல்பேசியில் படிவம் நிரப்பும் முறை பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. எங்கே போனாலும் ஒரே கேள்விகள் என்பதால் ஆளுக்கு ஆள் அளவுகோல் மாறாது, அது நல்லது. ஆனால் துணைக்கருவி பயன்படுத்தினாரா, ஆம், இல்லை என்று தட்டிக்கொண்டே போனால் பார்வையாளரின் கண் திரையிலேயே இருக்கிறது, பின்வரிசையில் ஒரு பிள்ளை கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவது யார் கண்ணிலும் படுவதில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு வெள்ளைத்தாள். ஒரு ஆசிரியர் பயிற்றுநர் வகுப்பின் இருக்கைப் படத்தை வரைந்து, நான் யாரிடம் கேள்வி கேட்கிறேனோ அந்தப் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான். பாடம் முடிந்ததும் ஒரு கருத்தும் சொல்லாமல் தாளை என் கையில் கொடுத்து "நீங்களே பாருங்க டீச்சர்" என்றார். ஜன்னலோரப் பிள்ளைகளுக்கு நேராக ஒரு கோடுகூட இல்லை! மறுநாளே வகுப்பை அரைவட்டமாக உட்கார வைத்தேன், இன்றுவரை அப்படித்தான்.

பி.எட். படித்தவர்களுக்கு, வகுப்பில் யார் பேசுகிறார்கள் என்று குறித்துப் பார்க்கும் ஃபிளாண்டர்ஸ் முறை நினைவிருக்கும், மூன்று விநாடிக்கு ஒரு குறி, பத்து வகைகள், அதில் ஏழு ஆசிரியர் பேச்சுக்கு, இரண்டு மாணவர் பேச்சுக்கு, ஒன்று மௌனத்துக்கு. தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம், ஆனால் பத்து நிமிடம் முயன்று பார்த்தாலே வகுப்பில் யார் குரல் ஓங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதேபோல மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் காட்டியது: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகள் நீளமாகவும் யோசித்தும் பதில் சொல்கிறார்கள். இதை வெளியாள் இல்லாமலேயே சோதிக்கலாம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, இன்னொரு வகுப்பை விட்டுவிட்டு வந்து பார்க்க ஆள் கிடையாது, அதனால் செல்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்து பாடத்தின் ஒலியை மட்டும் பதிவுசெய்து, மாலையில் இரண்டு பேரும் கேட்கிறோம்.

பார்வையிட வருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான். 17ஏ, 17பி என்ற ஒழுங்கு நடவடிக்கைப் பேச்சு காதில் விழும் இடத்தில் எந்த ஆசிரியரும் "இந்தப் பாடம் எனக்கு வரமாட்டேங்குது சார்" என்று வாய்திறக்க மாட்டார், தயார்செய்து வைத்த பாடத்தையே திரும்ப நடத்திக் காட்டுவார். அதனால் நடவடிக்கைக்கான ஆய்வைத் தனியாக வையுங்கள். கற்பித்தலைப் பார்க்க வரும் நாளில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள், இன்று எதைக் கவனிக்கட்டும் என்று ஆசிரியரிடமே கேளுங்கள், முடிந்ததும் பத்து நிமிடம் இருந்து பேசுங்கள், அடுத்த முறை வரும்போது போன தடவை பேசியதிலிருந்தே ஆரம்பியுங்கள்.